முகாமுக்கு யார் கூட வருவது

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது என் அம்மா என் வயலினைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஊர் என்றால் நெய்வேலியில் எங்கள் பிளாக்கின் நாலு தெருக்கள். அந்த நாலு தெருவிலும் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னவர்கள் ஒருவரும் இல்லை என்பது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அம்மாவைக் கூட்டிவந்தவர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று எங்கள் வீட்டின் சமையலும் தூக்கமும் மைன்ஸ் சங்கு ஊதுவதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் அப்பா தூங்குவார். நாங்கள் குசுகுசுவென்று பேசுவோம். அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் வயலின் வந்தது.

கொண்டுவந்தவர் ஓர் இன்ஜினியரின் மனைவி. கணவருடைய பயிற்சிக்காக இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே தன் பையனுக்கு வயலின் சொல்லித்தந்த முறையைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டு வந்து, டவுன்ஷிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். நாங்கள் அவரை வயலின் மிஸ் என்போம். சுசுகி முறை என்று அதற்குப் பெயர். புதிதாக அப்போது அதே பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளும் ரோட்டில் ஓட ஆரம்பித்திருந்ததால், "வயலின் படிச்சு முடிச்சா லைசென்ஸும் தருவாவளா?" என்று அப்பா கேட்டார். அந்த ஜோக்கை ஷிப்ட் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அந்த முறையில் ஆரம்பத்தில் புத்தகம் கிடையாது. பேச்சு வருவது மாதிரியே பாட்டும் காது வழியாக வர வேண்டும். அதற்காக மிஸ் தந்த கேசட்டை வீட்டில் தினமும் ஓடவிட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பதில்லை. நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினை இடுக்கிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதம் வயலினையே கண்ணில் காட்டவில்லை. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓர் அடிஸ்கேலை ஒட்டி, அதைத் தோளில் வைத்து நிற்கப் பழக்கினார்கள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாத விதி ஒன்று இருந்தது. பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ வகுப்புக்கு வந்து, பிள்ளைக்கு முன்பே அவர்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஷிப்டைக் காரணம் காட்டி அப்பா கழன்றுகொண்டார்.

"எனக்கு இந்த வயசுல என்னத்துக்கு பிடிலு?" என்றாள் அம்மா. அந்த வயசு என்பது இருபத்தெட்டு. என் மகளுக்கு அந்த வயது வந்தபோதுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மிஸ்ஸிடம் சிறிய வயலின்கள் இரண்டுதான் இருந்தன. நாலு பிள்ளைகள். அதனால் ஒரு வயலின் திங்கள் முதல் புதன் வரை எங்கள் வீட்டில், வியாழனிலிருந்து இன்னொரு வீட்டில். திங்கள் முதல் புதன் வரை நான் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய் நாலரைக்குத் திரும்புவேன். அந்த எட்டு மணி நேரமும் வயலின் யாரிடம் இருந்தது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

வகுப்பில் அது வெளிப்பட்டது. என் வில் கம்பியில் பட்டால் பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம் வரும். அதே வயலினை, பொம்மை மாதிரி இருக்கும் அந்தக் குட்டி வயலினை, அம்மா வாங்கித் தோளில் வைத்து வில்லை இழுத்தால் சத்தம் வழுக்கிக்கொண்டு வரும். மிஸ் உடனே என் பக்கம் திரும்புவார்.

"அம்மா கையைப் பாரு. வில்லு எப்படிப் போகுது பாரு. அதே மாதிரி நீயும் செய்யணும், என்ன?"

வாரத்துக்கு வாரம் இதே. கூட இருந்த மூன்று பிள்ளைகளுக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. அவர்களுடைய அம்மாக்கள் அவர்களைவிட மோசமாக வாசித்தார்கள். ஒரு பையனின் அப்பா வயலினைக் கையில் எடுத்தாலே எல்லோரும் சிரிப்போம். அப்படி ஓர் அப்பா எனக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கினேன்.

ஏப்ரலில் மிஸ் முகாம் பற்றிச் சொன்னார். மே மாதம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள். மெட்ராஸ், பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து இதே முறையில் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையுடனும் பெற்றவர்களில் ஒருவர் வர வேண்டும். கடைசி நாள் பிள்ளைகள் மேடையில் வாசித்து முடித்ததும், பெற்றவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒன்றையும் தந்தார். ஸ்வெட்டர், வெள்ளை கான்வாஸ் ஷூ, எனாமல் தட்டு, பெயர் தைத்த துண்டு.

சித்திரை வெயிலில் நெய்வேலியில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? அம்மா வடலூர் போய் ஒரு கடையின் பரண் மேலிருந்து பழைய கம்பளி நூல் உண்டைகளை இறக்கவைத்து வாங்கிவந்தாள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, மடியில் கம்பளியும் கழுத்தில் வேர்வையுமாகப் பின்னினாள். பக்கத்தில் கேசட் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு ஸ்வெட்டர் முடிந்ததும் மிச்ச நூலில் தனக்கொன்று ஆரம்பித்தாள். புதிதாக ஒரு ரவிக்கையும் தைத்தாள். எல்லா ரவிக்கையும் அக்குளில் பிடிக்கிறது, வில்லை முழுசாக இழுக்க முடியவில்லை என்று, அதற்குக் கை மட்டும் தளர்வாக வைத்துத் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று வெறும் கையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். என் முகாமுக்கு இவள் எதற்கு ரவிக்கை தைக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை முடிந்து லீவு விட்ட முதல் திங்கட்கிழமை, வெளியே விளையாடிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். கேசட்டில் கடைசியாக வரும் பாட்டு. மிஸ் அதை எங்களில் யாருக்கும் இன்னும் தொடங்கவே இல்லை.

"அது எனக்கே இன்னும் சொல்லித்தரல!" என்று கத்தினேன்.

அம்மா திடுக்கிட்டு வில்லை இறக்கினாள். பிறகு சிரித்தாள். "ஆமாட்டி. தெனம் கேட்டுக்கிட்டே கெடந்தேன்லா, தானா வெரல்ல வந்துட்டு. இங்க வா, ஒனக்கும் காட்டித்தாரேன்."

எனக்குக் காட்டித்தர வேண்டாம். அது என் வயலின், என் வகுப்பு, என் முகாம். மிஸ் எனக்குச் சொல்லித்தரும் முன்பே அந்தப் பாட்டு அவளுக்கு வந்தது திருட்டு என்று நினைத்தேன். கோபத்தோடு வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டு அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து ஊர்க்காரர் அவர்.

"இன்னா பாப்பா, உங்க அம்மா ஜன்னலாண்ட நின்னுகினு வாசிக்கிறாங்க? தாலியெல்லாம் முதுகுப் பக்கம் கெடக்குது?"

அது உண்மைதான். வயலினைத் தாடையில் வைத்தால் அம்மாவின் தாலிச்செயின் அதில் மாட்டிக்கொண்டு கிடுகிடுவென்று சத்தம் போடும். அதனால் வாசிக்கும் முன் அதை எடுத்துப் பின்னால் போட்டுக்கொள்வாள். நான் தினம் பார்ப்பதுதான். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்திலிருந்து, அம்மா மேல் சொல்ல இது ஒரு நல்ல குற்றம் என்பது மட்டும் புரிந்தது.

அன்று சாயங்காலம் காலை ஷிப்ட் முடித்து, குளித்து, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் வழக்கைக் கொட்டினேன்.

"அம்மா எனக்கு வயலினைத் தரவே மாட்டேங்கா. எப்பப் பாத்தாலும் அவளே வாசிக்கா. ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு, தாலிச்செயின முதுகுல போட்டுக்கிட்டு வாசிக்கா. எதிர்த்த வீட்டு அக்காகூடக் கேட்டாங்க."

முதல் இரண்டு வாக்கியத்துக்கு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கவில்லை.

"எதிர்த்த வீட்ல என்னன்னு கேட்டாவ?"

நான் அந்த அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அப்பா காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். என் வழக்கைத் தள்ளிவிட்டார் என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்து நாளு லீவு எழுதிக் குடுத்துட்டேன். புள்ளைய நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள். "நீங்க ஒரு நாளும் கிளாசுக்கு வந்ததில்லையே."

"தொணைக்குத்தான போறது? கச்சேரிக்கா?"

அம்மா ரசத்தை ஊற்றினாள். அவ்வளவுதான் நடந்தது. நான் மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டு மோர் கேட்டேன். ஜெயித்துவிட்ட பிள்ளைக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

விஷயம் தெரிந்து மறுநாள் மிஸ்ஸே வீடு தேடி வந்துவிட்டார். ஆபீசர் வீட்டு அம்மா எங்கள் தெருவுக்கு வருவது சாதாரணம் இல்லை.

"நீங்க வந்தே ஆகணும்ங்க. பேரண்ட்ஸ் வரிசையில முதல்ல உங்களத்தான் நிக்க வைக்கணும்னு முகாம் நடத்துறவங்களுக்கு எழுதிப் போட்டுட்டேன். சார்கிட்ட நான் பேசட்டுமா?"

அப்பா உள்ளறையில்தான் இருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லீங்க மிஸ். அவங்க ஒண்ணும் வேண்டாங்கல. எனக்குத்தான் முடியல. வீட்ல வேலை கெடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் ஒரு வேலையும் இல்லை. நானும் அப்பாவும் போய்விட்டால் அவள் ஒருத்திதானே இருக்கப்போகிறாள், என்ன வேலை? பொய் சொல்லக் கூடாது என்று என்னை அடிக்கிற அம்மா, மிஸ் முகத்துக்கு நேராக இப்படிப் பொய் சொல்கிறாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். மிஸ் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் போக ஆசை என்ற ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் மேல் எனக்கு இப்போது வரும் கோபத்துக்கு அளவே இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க வயலினை மிஸ் எங்கள் வீட்டிலேயே விட்டுவைத்தார். அம்மா அதைத் தொடவில்லை. நான் வாசிப்பேன், அவள் அடுப்படியிலிருந்தே சொல்வாள். "மூணாவது வெரல் தாந்திருக்கு." "அந்த எடத்துல அவசரப்படாத." வந்து காட்டித்தா என்று கூப்பிட்டால், கை எண்ணெயாக இருக்கிறது என்பாள். என் துண்டில் சிவப்பு நூலால் என் பெயரைத் தைத்தாள். பாதியில் நின்ற தன் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலோடு கொஞ்சம் புது நூலும் சேர்த்து அப்பாவுக்கு ஒன்று பின்னி முடித்தாள். விருத்தாசலம் வழியாகச் சேலம் பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டபோது, கட்டுச்சோற்றுப் பையை என் மடியில் வைத்து, "வில்ல முழுசா இழுக்கணும், என்ன?" என்று மட்டும் சொன்னாள்.

முகாம் நன்றாகத்தான் இருந்தது. குளிர், மூடுபனி, நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை வாசிக்கும் சத்தம். கடைசி நாள் பெற்றவர்கள் மேடை ஏறினார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். அப்பா மாட்டேன் என்றார், மிஸ் விடவில்லை. யாரோ தந்த வயலினைத் தாடையில் வைத்து, அந்த ஸ்வெட்டரோடு, பின் வரிசையில் ஓரமாக நின்றார். எல்லா வில்லும் ஒன்றாக ஏறி இறங்கின. அப்பாவின் வில்லும் ஏறி இறங்கியது, ஆனால் கம்பிக்கு ஒரு விரல் மேலே, காற்றில். யாருக்கும் தெரியாமல் பக்கத்து அம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். மண்ணைத் தோண்டும் அத்தனை பெரிய இயந்திரத்தை ஓட்டுகிற அப்பா அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா வந்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா, அவள் ஏன் வரவில்லை என்று அங்கே உட்கார்ந்து அவள் மேலேயே ஆத்திரப்பட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "மேடையில நின்னத அம்மாட்ட சொல்லாண்டாம், என்ன."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாடு, குளிர், ஸ்வெட்டர் பற்றியெல்லாம் கேட்டாள். சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிடும்போது, பின்னாலிருந்து கேட்டாள்.

"அங்க அம்மாமாருல்லாம் வாசிச்சாங்களோ?"

"ஆமா. மேடையில, வரிசையா நின்னு."

"எந்தப் பாட்டு?"

கேசட்டில் கடைசியாக வரும் பாட்டைப் பாடிக் காட்டினேன். நடுவில் ஓரிடத்தில் தப்பாகிவிட்டது. அம்மா மெதுவாக அந்த இடத்தைச் சரியாக முனகினாள். பிறகு பின்னலை இறுக்கிக் கட்டினாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. திங்கட்கிழமை வயலின் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் நாலரை மணிக்கு ஓடிவந்து பெட்டியைப் பார்த்தேன். காலையில் நான் மூடி அலமாரி மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. திறந்தால், வில்லும் துணியும்கூட நான் மடித்த மாதிரியே. புதன்கிழமையும் அப்படித்தான். அடுத்த வாரமும் அப்படித்தான். ஒருவழியாக என் வயலின் எனக்கே கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அம்மாவிடமே ஓடிப்போய்ச் சொன்னேன்.