விரதக்காரர் காய்ச்சிய பியர்

செங்கலடியில் பஸ்ஸை விட்டிறங்கி, வாவிக்கரையில் இருக்கும் இந்தச் சின்னப் பியர் காய்ச்சும் சாலைக்குள் வேடிக்கை பார்க்கத்தான் நுழைகிறேன். முதலாளி ரவி என்னை உட்காரவைத்து, முன்னால் மூன்று கிளாஸ்களை வைக்கிறார்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க அண்ணன். பாசிக்குடா ஹோட்டல்காரர் இப்ப வந்திருவார். மூண்டில நல்லது ஒண்டத்தான் அவருக்குக் குடுக்கணும். எது எண்டு நீங்கதான் சொல்லணும்.”

“நீங்க குடிச்சுப் பாக்கல்லையா?”

சித்தாண்டி முருகன் கோயிலில் திருவிழாக் கொடியேறிவிட்டதாம். வீடு முழுக்க விரதம். போத்தல் கழுவும் அவர் மனைவி தலை நிமிராமலே சொல்கிறார்: “பியர் எப்ப பதமாகும் எண்டு நாள் எண்ணின மனிசன், கொடி எப்ப ஏறும் எண்டு பாக்கல்ல.”

இந்தக் குத்தலைக் கேட்கவே இன்னொரு முறை வரலாம்.

முதல் கிளாஸில் வெறும் கசப்பு. இரண்டாவதில் தோடம்பழத் தோல் மணக்கிறது, பரவாயில்லை. ரவி என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாவதில் ஒரு மிடறு உள்ளே போனதும் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

“நெல் அவிக்கிற கிடாரத்தத் திறந்தா வருமே, அந்த மணம்.”

“அது வரணும் எண்டுதான் கிரான் வயல் சிவப்பரிசி போட்டன். கேட்டியா புள்ள?”

மனைவி வந்து கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிறார். முகர்ந்தாலும் விரதம் முறியுமோ என்று யோசித்து, அப்படியே கீழே வைத்துவிடுகிறார்.

வாசலில் வாகனம் வந்து நிற்கிறது. ரவி மூன்றாவது போத்தலை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடிக்கிறார்.

“நீங்களும் வாங்க. என்ன ருசி எண்டு அவர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”