தாய்மாமன் பிளேன்ல வர்றான்

திருவொற்றியூர்ல மளிகைக் கடை வெச்சிக்கீற எனக்கு பிளேன் இன்னாத்துக்கு? ஒண்ணும் இல்ல, பந்தாதான்.

தங்கச்சிய தெக்க ஒரு கிராமத்துல கட்டிக் குடுத்துக்கீறோம். எட்டு வருசம் கழிச்சிப் பொறந்த பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சித்தான் குத்தணும். நானோ வளைகாப்புக்கே எலை எடுக்கறப்பதான் போய்ச் சேர்ந்த ஆளு. அத்த வெச்சி அவ மாமியார் இன்னும் குத்திக் காட்டிக்கினு கீது. தங்கச்சி ஃபோன்ல அழுதா. "அழாத, இந்த வாட்டி பிளேன்ல வரேன். ஒன்னரை மணி நேரம்தான்"னு அள்ளி வுட்டேன்.

ஒன்னரை மணி நேரம் பிளேனுக்கு. திருவொற்றியூர்லேர்ந்து மீனம்பாக்கம் போறதுக்கு யாரு கணக்கு சொல்றது? எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க நவுருவேனான்னு நிக்குது. தோஸ்துங்க வேற, வழியனுப்புறோம்னு குட்டியானை லாரில ஏறிக்கினு, "மாமு, ஜன்னலத் தொறந்து டாட்டா காட்டு"ன்னு ஒரே பேஜாரு. எப்படியோ ஓடிப் போய் ஏறிட்டேன்.

தங்கச்சி ஊருக்குப் பக்கத்துல கீற ஏர்போர்ட்டு சின்னது, சுத்தி முள்ளுக்காடு. அந்த ஊர்க்காரங்க தலைக்கு மேல தெனம் பிளேன் போவுது. அதுலேர்ந்து எறங்குன சொந்தக்காரன் ஒருத்தனக் கூட அவங்க பாத்ததில்ல. தாய்மாமன் பிளேன்ல வர்றான்னதும் காது குத்த வேண்டிய கோயில்ல ஒரு ஈ காக்கா இல்ல. மேளம், மாலை, கொழந்த, காது குத்துற ஆசாரின்னு மொத்த ஊரும் ஏர்போர்ட் வாசலுக்கு வந்துடுச்சி.

மேல ஒரே மேகம். பிளேன் மூணு சுத்து சுத்துச்சி. எறங்க முடியாதுன்னு அறிவிச்சிட்டு, எங்க ஏறினேனோ அங்கியே கொண்டாந்து எறக்கி வுட்டாங்க.

மீனம்பாக்கத்துல ஃபோன ஆன் பண்ணா, மச்சான் அனுப்புன வீடியோ. ஏர்போர்ட் வாசல், வேப்ப மரத்தடி. மாமியார் சொல்லுது: "ஒங்கண்ணன் வானத்துலயே கெடக்கட்டும். நல்ல நேரம் போவுதுல்லா, என் தம்பி மடியில வச்சிக் குத்துங்க."

தங்கச்சி கொழந்தைய வாங்கிக்கினா. மண்ணுலயே சம்மணம் போட்டு உக்காந்தா.

"எங்கண்ணன் பொறந்த வயித்துலதான் அத்தே நானும் பொறந்தேன். பொறந்த வூட்டு மடி இதுதான். நீங்க குத்துங்க ஆசாரி."

ஆசாரி ஊசிய எடுத்தாரு. கொழந்த வீல்னு கத்துது. தங்கச்சி கண்ணுல ஒரு சொட்டு வரல. நான்தான், பொட்டி தள்ளிக்கினு போறவங்க திரும்பித் திரும்பிப் பாக்க, நின்ன எடத்துல அழுதேன். சொல்லவே வெக்கமாக் கீது.

அப்பால ஃபோன் போட்டேன். "குத்தியாச்சிண்ணே. நீ சாப்ட்டியா?"ன்னு கேட்டா. படுபாவி, ரெண்டு வார்த்த திட்டித் தொலைச்சிருக்கலாம்.