பத்தரை முதல் பன்னிரண்டு வரை

எனது மாணவர் விசா அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பொறியியல் பட்டம் கையில் இருந்தது. படித்த துறையிலேயே எனக்கு வேலை உண்டு என்று மனேஜர் கையெழுத்திட்ட கடிதத்தை, மெல்பேர்ன் நகரத்துக் குடிவரவுக் கந்தோரில் பிற்பகல் மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான் மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வரைபடம் கீறும் டிராப்ட்ஸ்மன். காலை பத்தரைக்கு டைப்பிஸ்ட் மேரி கடிதத்தை நீட்டினாள். "மனேஜர் உள்ளுக்கைதான் இருக்கிறார். போய் சைன் வாங்கு."

நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலண்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. வாழ்க்கையையே முடிவுசெய்யும் கையெழுத்தை அந்த நேரத்திலா வாங்குவது? பொறியியல் படித்த மண்டைதான், என்ன செய்ய! ஒரே கோட்டை நாலு தரம் அழித்து அழித்துக் கீறிக்கொண்டிருந்தேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கதவைத் தட்டினேன். கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"பத்து நிமிசத்துக்கு முதல் பப்புக்குப் போட்டார். வெள்ளிக்கிழமையெல்லோ, இனித் திங்கள்தான் வருவார்," என்றாள் மேரி.

"எந்தப் பப்?"

"ஆருக்குத் தெரியும்?"

டிசம்பர் வெயிலில் டையோடு ஓடினேன். முதல் பப்பில் ஆள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பப்பில் பியர் கிளாசோடு நின்றார். அப்போது மணி ஒன்று பத்து.

"ஏன் காலமை வரேல்லை? முழுக்கச் சும்மாதானே இருந்தனான்!"

"வேலை இருந்தது, சேர்." வெட்கத்தில் காது சுட்டது.

ஈரக் கவுண்டரைக் கைலேஞ்சியால் துடைத்து, கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஓடு!" என்றார்.

பாழாய்ப்போன ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. குடிவரவுக் கந்தோரில் கடிதத்தை நீட்டியபோது மூன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது. அதிகாரி முத்திரை குத்தும்வரை நான் மூச்சு விடவில்லை.

பின்னேரம் அறைத்தோழன் யோகனிடம் கதையைச் சொன்னேன். கணிதம் படிப்பவன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட விசரா! ராகுகாலம் சூரியன் உதிக்கிறதை வைச்செல்லோ கணக்கு? இஞ்சை கோடையிலை பகல் பதினைஞ்சு மணித்தியாலம். அதை எட்டாப் பிரிச்சால் நாலாவது பங்குதான் வெள்ளிக்கிழமை ராகு." பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தான். "பதினொண்டரை வரைக்கும் நல்ல நேரம். அதுக்குப் பிறகு ஒண்டு இருபது வரைக்கும் ராகு. நீ எத்தினை மணிக்குச் சைன் வாங்கினனி?"

"ஒண்டு பத்துக்கு."

அந்தக் கையெழுத்தோடு இந்த நாட்டில் வேலை செய்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். விசாவுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மனேஜர் கதிரையில் இருக்கும் நேரமே நல்ல நேரம்.