இக்னாதிஸின் ஒன்பது தட்டு

இக்னாதிஸை நல்ல மனிதர் என்று சொல்லத் தயங்குவேன். வயலினைச் சுருதி சேர்க்கவே அரை மணி நேரம் எடுப்பார். கல்யாண வீடே காத்திருக்கும். பதினெட்டு வருடம் அவர் பக்கத்தில் சந்தூர் வாசித்தும் ஒரு ‘பரவாயில்லை’ அவரிடம் வாங்கியதில்லை. ஆனாலும் எங்கள் கிரேக்கத் தீவான லெஸ்போஸில் அவருக்கு நிகர் யாரையும் நான் காணவில்லை. அதற்கு ஒரு மதியம் சாட்சி.

எண்ணெய் ஆலைக்காரர் மகளின் கல்யாண விருந்து. படகோட்டி லாம்ப்ரோஸ் தன் பாட்டனின் மெட்டைக் கேட்டான். கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்ட காலத்தில், பாட்டன் எதிர்க்கரைத் துருக்கியிலிருந்து அகதியாக வந்தபோது கூடவே வந்த மெட்டு அது. ஒன்பது தட்டுத் தாளம், மெதுவான நடை, தனியாட்டம். கேட்டவன் மட்டுமே ஆட வேண்டும். இன்னொருவன் களத்தில் கால் வைத்தால் முகத்தில் அறைந்த மாதிரி. அதற்காகக் கத்தி உருவியதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில், எதிர்க்கரை அய்வாலிக்கிலிருந்து விருந்துக்கு வந்திருந்த துருக்கிய வியாபாரி நெஜாத்தி கைகளை விரித்து எழுந்துவிட்டார். கண்களில் நீர்.

“யோவ், யாரைக் கேட்டு எந்திரிச்ச? இது எங்க தாத்தா பாட்டு!” என்றான் லாம்ப்ரோஸ்.

“எங்க தாத்தா பாட்டுப்பா,” என்றார் நெஜாத்தி, உடைந்த கிரேக்கத்தில். “இந்த ஊர்லேர்ந்து அவரைத் தொரத்துனப்ப இத முனகிக்கிட்டேதான் படகேறுனாராம்.”

“துருக்கிக்காரன் பாட்டா இது? பல்ல ஒடச்சிருவேன்!”

நாற்காலிகள் சாய்ந்தன. “வாசிப்ப நிறுத்துய்யா!” என்று பெண்ணின் அப்பா கத்தினார். நிறுத்தினால் அந்த அமைதியில் முதல் அடி விழும் என்று எனக்குத் தெரிந்தது.

இக்னாதிஸ் நிறுத்தவில்லை. வில்லைத் தூக்காமலே நடையை முடுக்கினார். அதே மெட்டு, அதே ஒன்பது. இப்போது அது இருவர் முகம் பார்த்து ஆடும் ஆட்டம். இரு கரையிலும் அதற்கு ‘எதிரெதிர்’ என்றுதான் பெயர். அதில் தனியாக நிற்பவன் கோமாளி.

“டேய் லாம்ப்ரோஸ், ஒத்தையில நின்னா ஒன் பாட்டனே சிரிப்பாரு. எதிர்ல ஆள் நிக்குதுல்ல, ஆடு!” என்றார் இக்னாதிஸ்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் தொடங்கினான். மூன்றாம் சுற்றில், ஒன்பதாம் தட்டில், இருவரும் ஒன்றாக முழங்கால் மடக்கித் தரையைத் தொட்டார்கள். லாம்ப்ரோஸ் வீட்டாரைத் தவிர எங்கள் ஊரில் யாரும் அப்படிக் குனிவதில்லை.

“இப்படிக் குனியிறத எங்கய்யா புடிச்ச?” மூச்சு வாங்கக் கேட்டான் லாம்ப்ரோஸ்.

“எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான்.”

“எங்க வீட்லயும்தான்.”

வாதத்தில் ஜெயிப்பவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். வாதம் செய்கிறவர்களையே எதிரெதிரே நிறுத்தி ஆடவைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க, இது யாரு பாட்டு?” என்றான் லாம்ப்ரோஸ்.

“சுருதி எறங்கிப்போச்சு, பொறு,” என்றார் இக்னாதிஸ்.

அந்த அரை மணி நேரமும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.