பன்னிரண்டரை வருடப் பாட்டு

டேனிஷ்காரர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள். ஆனால் கலியாண விஷயத்தில் மட்டும் அரையையும் கொண்டாடுவார்கள். இருபத்தைந்து வருடம் வெள்ளிக் கலியாணம் என்றால், அதில் சரிபாதி, பன்னிரண்டரை வருடம், செப்புக் கலியாணம். அன்று விடியற்காலையில் அயலார் ஓசைப்படாமல் வந்து வாசலில் இலை தழைகளால் அரை வளைவு கட்டுவார்கள். முழு வளைவு வேண்டுமென்றால் வெள்ளிவரை காத்திருக்கவேண்டும். பிறகு எல்லாரும் வாசலில் கூடி நின்று பாட்டுப் பாடி அந்தத் தம்பதியை எழுப்புவார்கள்.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் அரை வருடத்தைக் கணக்கில் எடுப்பவர் யாருமில்லை. ஆகவே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்களுக்கு அப்படி ஒரு நாள் வரப்போகிறது என்பதே தெரியாது. அது தெரிந்தவர்கள் தெருவில் இருந்த டேனிஷ்காரரும், பத்து வயதான நானும்தான்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் கியர்ஸ்டன் என்ற பெண்மணி இருந்தார். பஸ் ஓட்டுவது வேலை, அக்கோர்டியன் என்ற துருத்திப் பெட்டியை வாசிப்பது ஆசை. ஒருநாள் அம்மாவிடம் கோப்பி குடிக்க வந்தவர், சுவரில் தொங்கிய கலியாணப் படத்தின் கீழே பொன்னெழுத்தில் இருந்த திகதியைப் பார்த்து விரல் மடித்து எண்ணினார். அடுத்த நாள் வேலிக்கரையில் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, அதற்கு அப்பா அம்மாவைப் பற்றிப் புதிய வரிகள் எழுதிப் பாடவேண்டுமாம். அதுதான் இங்குள்ள முறை. மெட்டைத் தெரிவு செய்வது என் பொறுப்பு. அப்பா அம்மாவுக்குப் பிடித்ததாக இருக்கவேண்டும், பாடத் தெரியாத தெருக்காரரும் பாடக்கூடியதாக இருக்கவேண்டும், ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. சோறு இறங்கவில்லை. அம்மா என்ன ஏது என்று கேட்கும் போதெல்லாம் ரகசியம் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

இன்று நான் ஒரு பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். ஒரு பாட்டு ஏன் மனதில் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் கரும்பலகையில் எழுதியே காட்டுவேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தேன்.

முதலில் அம்மா சமைக்கும்போது பாடும் சினிமாப் பாட்டை வாயால் இசைத்துக் காட்டினேன். கியர்ஸ்டன் அக்கோர்டியனில் துரத்திப் பார்த்துக் களைத்துப்போனார். குரல் இத்தனை இடத்தில் வளைந்து நெளிந்தால் எங்கள் தெருக்காரர் முதல் வளைவிலேயே விழுந்துவிடுவார்கள் என்றார். அடுத்து, அப்போது என் வகுப்பே ஆடிக்கொண்டிருந்த ஒரு புதுப் பாட்டைக் கொண்டுபோனேன். வானொலியில் அது தூள் பறந்தது. வாயால் இசைத்தபோதோ மேளத்தைத் தவிர உள்ளே ஒன்றுமே இருக்கவில்லை. வெறும் வாய்க்குப் பொருந்தாத பாட்டு தெருவுக்கு உதவாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் அப்பாவின் முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது.

அப்பா பாடுகிறவர் அல்ல. கலியாண வீடுகளில் மற்றவர்கள் மேசையில் தாளம் போட்டுப் பாடும்போது இவர் சிரித்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை மட்டும், வார்த்தை இல்லாமல், வாய் திறக்காமல், தனக்குள்ளே இசைப்பார். கார் ஓட்டும்போது தெருவோரத்தில் பொலிஸ் கார் நின்றால் அது வரும். நகரசபையின் கடித உறையைக் கிழிக்கும்போது வரும். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் வரும். தம்பி பிறக்கும் முன்பே தவறிப்போன அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் பகல் முழுவதும் அதையே இசைத்துக்கொண்டிருந்தார். இத்தனை இடத்தில் பாடுகிறார் என்றால் அப்பாவுக்கு அந்தப் பாட்டு உயிர் என்றுதானே அர்த்தம்?

கியர்ஸ்டனுக்கு முன்னால் நின்று அதை இசைத்தேன். முதல் வரி முடியுமுன்னே கைதட்டிவிட்டார். இதைத் தெரியாத மனிதர் டென்மார்க்கில் இல்லை என்றார்.

நல்ல பாட்டுத்தான். பேசுவதுபோலத் தாழ்வாகத் தொடங்கும். ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும், இனி இதுதான் என்று காது நம்பியதும் கொஞ்சம் மாறும். பல்லவியில் ஒரே ஒரு இடத்தில் குரல் சட்டென்று மேலே தாவும். பிறகு படிப்படியாக இறங்கும். இறங்கியது வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றுவிடும். அதனால் மறுபடி தொடங்கத்தான் தோன்றும். முடிக்கவே முடியாத பாட்டு.

கியர்ஸ்டனின் கராஜில் ஒத்திகை நடந்தது. அம்மாவின் சைக்கிள், அப்பாவின் மிளகாய்ச் செடிகள், தெரு முழுக்க மணக்கும் எங்கள் கறி என்று எல்லாவற்றையும் வரிகளில் ஏற்றியிருந்தார். தாவும் இடம் வந்ததும் மூலை வீட்டுக் கிழவருக்குக் குரல் கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கியர்ஸ்டன் அசையவில்லை. அந்த இடத்தில் குரல் கிழியாவிட்டால் அது அந்தப் பாட்டே இல்லை, சனங்கள் நினைவில் வைத்திருப்பதே அந்த எட்டாத இடத்தைத்தான் என்று சொல்லி மறுபடி தொடங்கினார்.

அந்த மே மாதச் சனிக்கிழமை, நன்றாக வெளித்துவிட்ட காலையில், நான் போர்வைக்குள் விழித்துக் கிடந்தேன். வாசலில் சரளைக்கல் நெரிந்தது. ஏணியைச் சுவரில் சாத்தும் சத்தம். ஆண்களின் அடக்கிய குரல்கள். கதவில் ஏதோ உரசியது, பச்சைக் கிளைகளாக இருக்கவேண்டும். எல்லாம் சொன்னபடி நடக்கிறது என்று எனக்குச் சந்தோஷம், பிழைத்துவிடுமோ என்று பதைப்பு.

என் அறைக் கதவு திறந்தது. அப்பா வந்தார். என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, கூனிக்கொண்டே ஜன்னலைக் கடந்து, குளியலறைக்குள் போனார். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். அம்மா ஏற்கனவே உள்ளே இருந்தார். தோளில் கைப்பை. பாஸ்போட்டுகள் எப்போதும் அதற்குள்தான் இருக்கும். அப்பா இடுப்பில் சாரத்தோடு காலில் சப்பாத்தும் போட்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, ஆர் வெளியில?” என்று அம்மா கிசுகிசுத்தார்.

“கதையாதை. கனபேர் நிக்கினம். வீட்டைச் சுத்தி நிக்கினம்.”

“அப்பா, அது வந்து...” என்று தொடங்கினேன். அவர் கை என் வாயைப் பொத்தியது. சவர்க்காரம் மணக்கும் கை. அதற்கு முன்னும் பின்னும் அப்பா என்னை அப்படிப் பிடித்ததில்லை.

அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் தலைக்கு மேலே, மூச்சைவிடச் சற்றே கூடிய சத்தத்தில், அப்பா அந்தப் பாட்டை இசைக்கத் தொடங்கினார்.

எனக்குப் பகீரென்றது. அப்படியென்றால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும்! யாரோ உளறிவிட்டார்கள். நான் மட்டும் சாப்பிடாமல் கொள்ளாமல் காத்த ரகசியத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர் அப்பாவின் விரல்களில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முடித்து முடித்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே அக்கோர்டியன் மூச்சிழுத்தது. அதே பாட்டு.

அப்பாவின் முணுமுணுப்பு நின்றது. இரண்டு கதவுகளைத் தாண்டி வந்ததில் வரிகள் ஒன்றும் விளங்கவில்லை. மெட்டு மட்டும் முழுசாக வந்தது. தாழ்வாகத் தொடங்கியது, திரும்பத் திரும்பச் சுற்றியது, பிறகு தாவியது. கிழவரின் குரல் சொல்லிவைத்தாற்போலக் கிழிந்தது.

“உது கியர்ஸ்டன்ரை குரலெல்லோ?” என்றார் அம்மா. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்து, அது அழுகையாகி, முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டார்.

அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். 

“உந்தப் பாட்டை ஆர் இவையளுக்குச் சொன்னது?”

“நான்தான். உங்களுக்குப் பிடிச்ச பாட்டெண்டு சொன்னனான்.”

ஈரமாயிருந்த என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “பிடிச்ச பாட்டுத்தான்.”

கதவைத் திறந்தோம். இளம்பச்சை இலைகளில் அரை வளைவு, கைகளில் சின்னக் கொடிகள், கூடை நிறையச் சுடச்சுடப் பாண் உருண்டைகள். அன்று எடுத்த படம் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. அப்பா சாரமும் சப்பாத்துமாய், அம்மா இரவு உடுப்பும் தோளில் கைப்பையுமாய், எங்கோ பயணம் புறப்பட்டவர்கள்போல நிற்கிறார்கள். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அந்தப் பாட்டு இங்கே தஞ்சம் கேட்டவர்களுக்கான முகாமில், பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில், அறைத்தோழரின் வானொலியிலிருந்து அப்பாவோடு ஒட்டிக்கொண்டது என்று அம்மா சொன்னது நான் வளர்ந்த பிறகுதான். முடிவில்லாத பாட்டு என்றால் பயம் முடியும்வரை பாடிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நான் எழுதாத காரணம் இது ஒன்றுதான்.

அன்றைக்குப் பிறகு அப்பாவைத் தெருவில் கண்டால் எல்லாரும் அந்த மெட்டைத்தான் இசைப்பார்கள். அவர் கையசைப்பார். அவர் வாயிலிருந்து மட்டும் அது மறுபடி வரவே இல்லை. எல்லாரும் பாடிப் பாடி அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் பல் வைத்தியரிடம் போனோம். அப்பாவுக்குத்தான் பல் பிடுங்கவேண்டும், நான் துணைக்குப் போனேன். உள்ளே இயந்திரம் இரைந்தது. காத்திருப்பு அறையில் அப்பா அந்தப் பாட்டும் இல்லாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இறுக்கினார், இன்னும் இறுக்கினார். நான் பயந்துவிடுவேன் என்று பிடித்திருக்கிறார், எனக்கென்ன பயம் என்று நினைத்தேன்.

“கை நோகுது அப்பா,” என்றேன்.

உடனே விட்டுவிட்டார்.