ருவாண்டா மேல் விழுந்த ஒட்டு

என் அக்காவுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில், பந்தின் மேல் உலகப் படம் அச்சிட்ட பன்னிரண்டு காகிதத் துண்டுகளை ஒட்டினால் ஓர் உலக உருண்டை தயார். அக்கா மடமடவென்று ஒட்டித் தள்ளுவாள். ஓரத்தின் மேல் ஓரம் ஏறினால், "எவன்டி உத்துப் பாக்கப் போறான்?" என்பாள்.

போன மாதம் அவள் மகள் நர்ஸ் வேலைக்கு ருவாண்டா போனாள். அன்றைக்கு அக்கா ஓர் உருண்டையை எடுத்து அந்த நாட்டைத் தேடினாள். ஆப்பிரிக்காவின் நடுவில், பூமத்திய ரேகைக்குச் சற்றுக் கீழே, கடலே தொடாத மிளகளவு நாடு. காணோம். இரண்டு துண்டுகள் சேரும் இடம் சரியாக அதன் மேலேயே விழுகிறது. இருபது வருஷமாக அவளே அதை ஒட்டி மூடியிருக்கிறாள்!

இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தின் மேல் ஓரம் ஏறாமல் ஒட்டுகிறாள். நேற்று மேஸ்திரி பொறுக்க முடியாமல், "ஒரு உருண்டைக்கு அரை மணி நேரமாம்மா?" என்று கத்தினார்.

அக்கா அந்த ஒட்டின் மேல் விரலை வைத்தபடி, "மெதுவா பேசுங்கண்ணே," என்றாள். "புள்ள இங்கதான் இருக்கா."