கட்டிலில் இறந்த மந்திரி

பிரெஞ்சு மந்திரியை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சுரங்கக் குதிரைக்குப் பாதி வகுப்பே கையைத் தூக்கியது. தொழிலாளியின் விளக்கு, இரும்பு உருக்கும் உலை, சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் குருவி என்று ஆசிரியை சொல்லச் சொல்ல வகுப்பு உரைக்கான ஒவ்வொரு தலைப்பும் பறந்துபோனது. ஜெர்மனியில் எங்கள் எசன் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி வெகுகாலமாகியும், நான்காம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அவற்றைப் பற்றிப் பேசியே தீரவேண்டும். கையைத் தூக்காத பிள்ளைக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். அந்த வகுப்பில் கையைத் தூக்காத ஒரே பிள்ளை நான்.

மந்திரியின் பெயரை அம்மாவால் கடைசிவரை உச்சரிக்க முடியவில்லை. ‘உன்ர பிரெஞ்சு மந்திரி’ என்றே சொல்லி வந்தார். நானும் அவரை இங்கே அப்படியே அழைத்துவிடுகிறேன். அவர் கோபிக்கிற ஆள் இல்லை.

விஷயம் மந்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இங்கே நான்காம் வகுப்போடு பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி என்றால் ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கூடம். (என்னை ஜிம்னாசியத்துக்கு அனுப்பப் பார்க்கிறோம் என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது, கனடாச் சித்தி, “ஏன் அக்கா, பிள்ளை அவ்வளவு கொழுத்துப்போனாளோ?” என்று கேட்டார்.) என் எழுத்தில் ஆசிரியைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெற்றோர் சந்திப்பில், இந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, அதனால் ஜிம்னாசியத்துக்குச் சிபாரிசு செய்யத் தயக்கமாக இருக்கிறது, இந்த உரையைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன். அப்படியும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ர பிள்ளைக்கு வாயில்லையெண்டு சொல்லிப்போட்டா என்ன? இருக்கட்டும். காட்டுறன்.”

அம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளி நாட்களில் பேச்சுப் போட்டிகளில் கலக்கியவர். வட்டாரப் போட்டி வரை போய்க் கிண்ணம் வென்றவர். அவருடைய ஜெர்மன் மொழி டெர்மினுக்கும் அன்ட்ராகுக்கும் மட்டுமே போதுமானது. அதாவது, அலுவலகத்தில் நேரம் குறிக்கவும் விண்ணப்பம் கொடுக்கவும். ஆனால் பேச்சு என்பது அவருக்கு மொழியில் இல்லை. குரலிலும் கையிலும் நிற்கிற நிலையிலும் இருந்தது. ஜெர்மன் பிள்ளைகள் ஒரு அட்டையில் படம் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்து முணுமுணுப்பதற்குப் பெயர்தான் உரை என்பதை நான் எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. “பாத்து வாசிக்கிறதோ? அதுக்குப் பேர் பேச்சோ? சீ!”

ஆகவே நான் முழுவதையும் பாடமாக்கினேன். வரவேற்பறையில் பெரியமாமாவின் மாலை போட்ட படத்துக்கு எதிரே நின்று பயிற்சி. பெரியமாமா அம்மாவின் மூத்த அண்ணன். ‘பிரச்சினையில செத்தவர்’ என்பது மட்டுமே அவரைப் பற்றி எனக்கு அப்போது தெரியும். எங்கள் வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் பிரச்சினையில், அதாவது ஊரில் நடந்த போரில், செத்திருந்ததால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு பத்தியைச் சொல்லி முடித்ததும் அம்மா அதன் பொருளைக் கேட்பார். பொருள் தெரியாமல் கையை எங்கே உயர்த்துவது என்று சொல்ல முடியாதாம்.

“ஆர் பிள்ளை இவர்? என்ன செய்தவர்?”

எல்லைப்புறத்துக் குடும்பத்துப் பிள்ளை, முதலில் ஜெர்மன் குடிமகனாக இருந்தார், போர் முடிந்து எல்லை மாறியதும் பிரெஞ்சுக்காரராகிவிட்டார் என்றேன். அடுத்த போரில் ஜெர்மன்காரர்கள் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், தப்பி ஒளிந்து திரிந்தார் என்றேன். போருக்குப் பிறகு மந்திரியாகி, இரண்டு நாடுகளின் நிலக்கரியையும் இரும்பையும் ஒரே பொறுப்பின் கீழ் வைப்போம், பிறகு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பீரங்கி செய்ய முடியாது என்று சொன்னவர் அவர்.

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். “மறியலில போட்ட ஆக்களோடயே கதைக்கப் போனவரோ?”

“ஓம்.”

“பிறகு ஆர் சுட்டது?”

“ஒருத்தரும் சுடேல்லை அம்மா.”

“குண்டு வைச்சவையோ?”

“இல்லை.”

“வடிவாப் பாத்தனியோ? புத்தகத்தில பிழையா இருக்கும்.”

நான் மறுபடியும் பார்த்தேன். வயது போய், சொந்த வீட்டில் இறந்தார் என்று இருந்தது. “கட்டிலிலயோ?” என்றார் அம்மா. கட்டில் புத்தகத்தில் இல்லை. ஆனால் வேறு எங்கே என்று நினைத்து, ஓம் என்றேன்.

அம்மா எழும்பி வந்து என் தோளை நிமிர்த்திவிட்டார். “அதைக் கடைசியில வை. கட்டிலையும் சேர். அந்த இடத்தில கொஞ்சம் நிண்டு, சபையைப் பாத்து, பிறகு குரலை உயர்த்திச் சொல்ல வேணும். அதுதான் பேச்சின்ர உச்சம், விளங்குதோ?”

எனக்கு விளங்கவில்லை. மனிதர்கள் கட்டிலில் சாவதில் என்ன உச்சம் இருக்கிறது? ஆனால் கிண்ணம் வென்றவர் அவர்.

உரை நாளன்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஜீன்ஸும் மழைச் சட்டையுமாக வந்திருந்த கூட்டத்தில் அம்மா மாம்பழ நிறக் கூறைச்சேலையும் பூவுமாகப் பின்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். குதிரை முணுமுணுத்து முடிந்தது. விளக்கும் குருவியும் முணுமுணுத்து முடிந்தன. என் முறை வந்தது. நான் வெறுங்கையோடு போய் நின்று கைகூப்பி, வகுப்பே அதிரும்படி, “பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே!” என்று ஜெர்மனில் தொடங்கினேன்.

நடுவர் யாரும் அங்கே இல்லை. ஆசிரியை திரும்பித் தன் பின்னால் பார்த்தார். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் பாடமாக்கிய பேச்சுக்கு ஒரு குணம் உண்டு, தொடங்கினால் நிற்காது. சிறைக்குக் கைகளைச் சேர்த்தேன், நிலக்கரிக்கு இடக்கையும் இரும்புக்கு வலக்கையும் நீட்டி ஒன்றாக்கினேன். சிரிப்பு அடங்கியது. ஒருவரும் அசையவில்லை. என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. என்ன பெருமை! கடைசியில் நிறுத்தி, சபையைப் பார்த்து, முழங்கினேன்:

“அவர் முதிய வயதில், சொந்த வீட்டில், கட்டிலில் இறந்தார்!”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பெற்றோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் கைதட்டினார், தனியாக, பலமாக.

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக நன்றாக இருந்தது, ஆனால் கட்டிலை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொன்னாய் என்று கேட்டார். அதுதான் முக்கியம் என்று அம்மா சொன்னார் என்றேன். எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அலுவலகத்திலே கூட என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பேசாமல் நிற்கிற அம்மா, சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

“பை உன்ஸ் பொலிடிகர் நிஷ்ட் இம் பெட் ஷ்டெர்பன்,” என்றார். எங்கள் நாட்டில் அரசியல்வாதி கட்டிலில் சாகிறதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை தலை குனிந்தார். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டாரே!

எனக்குச் சிபாரிசு கிடைத்தது. வாசலில் ஆசிரியை அதைச் சொன்னபோது அம்மாவின் கையை நெடுநேரம் விடவில்லை. அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. பெரியமாமா எங்கள் ஊரில் பிரதேச சபைத் தலைவராக இருந்தார் என்பதும், சண்டை பிடித்த இரண்டு பக்கத்தாரையும் ஒரு மேசையில் இருத்தலாம் என்று போய்ப் போய்ப் பேசினார் என்பதும், ஒரு காலையில் வீட்டு வாசல் படலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டார்கள் என்பதும், தேநீரோடு பின்னால் வந்த தங்கைதான் அம்மா என்பதும் நான் பல்கலைக்கழகம் போனபிறகே எனக்குத் தெரியவந்தன.

அன்று எனக்குத் தெரிந்தது இலக்கணம் மட்டும். பஸ்ஸில் ஏறி இருந்ததும் அம்மாவுக்கு விளக்கினேன்: “அம்மா, எல்லாரும் பேசாமல் இருந்தது ஏன் தெரியுமோ? நீங்கள் வசனத்தைப் பிழையாச் சொல்லிப்போட்டியள். ‘ஷ்டெர்பன்’ எண்ட வினைச்சொல் ரெண்டாவதா வரவேணும். என்னோட சேர்ந்து சொல்லுங்கோ.”

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். ஒரு தரம் தடுமாறினார். மறுபடி சொன்னார்.

“பை உன்ஸ் ஷ்டெர்பன் பொலிடிகர் நிஷ்ட் இம் பெட். இப்ப சரியோ, பிள்ளை?”

“ஓம் அம்மா, இப்ப நல்ல சரி,” என்றேன். என் அம்மாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.